பழைய கார்களும் என் ஊன்றுகோலும்

மட்டக்களப்பு நகரின் இதயமாக விளங்கும் புளியந்தீவு, பெயரில் மட்டுமன்றிப் புவியியலிலும் தீவேயாகும். போர்த்துக்கேயர் 1628இல் எழுப்பி, பத்தாண்டுகள் கழித்து ஒல்லாந்தர் கைப்பற்றிய கோட்டை இங்கேதான் வாவியை நோக்கி நிற்கின்றது. கச்சேரி நெடுங்காலம் அக்கோட்டைக்குள்ளேதான் இயங்கியது. கடைத்தெரு, கல்லூரிகள், கோயில்கள், தேவாலயங்கள் என ஒரு நகருக்கு வேண்டிய பலவும் இச்சிறு நிலத்துண்டில் அடங்கிவிடும். ஆயினும் 1928இல் எமது ஊருக்கு வந்து சேர்ந்த புகையிரதத்தைப் பிடிப்பதாயினும், கல்லடிக் கடற்கரையில் காற்று வாங்குவதாயினும் பாலம் கடந்தே ஆக வேண்டும்.

கல்லடிப் பாலம் 1924இல் திறக்கப்பட்டது. அன்றைய ஆளுநர் சேர் வில்லியம் மனிங்கின் துணைவியார் பெயரால் ‘லேடி மனிங் பாலம்’ எனப்பட்டது. ஒடுங்கிய இரும்புப் பாலம். எதிரே வாகனம் வந்தால் இந்தப் பக்கம் காத்திருக்க வேண்டும். 2013இல் புதிய அகன்ற பாலம் அருகிலேயே திறக்கப்படும் வரை, ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகள் அதுவே வழி. கால் திடமானவர்கள் மாலை நேரத்தில் அதன் மீது நடந்து, மீன் பாடுகிறதா என்று காது கொடுத்துக் கேட்பதுண்டு. எனக்கு அந்த நடை வாய்க்கவில்லை. போலியோ வந்தபோது எனக்கு வயது மூன்று. இலங்கையில் வாய்வழிச் சொட்டு மருந்து அறிமுகமானது 1962இல். நான் அதற்குச் சில ஆண்டுகள் முந்திப் பிறந்துவிட்டேன். வலது காலில் இரும்புச் சட்டமும் கக்கத்தில் ஊன்றுகோலுமாக ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்தேன். இப்போது தூர நடைக்குச் சக்கர நாற்காலி.

ஆகவே நான் கல்லடிப் பாலத்தை முதன்முதலாகக் கண்டது கார்க் கண்ணாடியினூடாகவே. எமது தெருவில் வாடகைக்கு ஓடிய ‘ஏ போட்டி’ அது. ஒஸ்ரின் ஏ 40 வகையில் ‘சொமர்செற்’ என்னும் உருண்டை வடிவக் கார், 1952 தொடக்கம் 1954 வரை உற்பத்தியானது. முன் ஆசனத்தில் என்னை ஏற்றி இருத்திவிட்டு, அம்மாவும் அக்காமாரும் பின்னால் ஏறுவார்கள். கார் புறப்பட்டதும் ஒரு மாற்றம் நிகழும். தெருவில் நிற்கும்போது எல்லோரையும் அண்ணாந்து பார்க்கும் பிள்ளை நான். காருக்குள்ளோ சாரதியும் இருக்கிறார், அம்மாவும் இருக்கிறார், நானும் இருக்கிறேன். எல்லோரும் ஒரே உயரம். கார் என்னும் இயந்திரத்தின் மீது எனக்கு வாழ்நாள் முழுவதும் நீடித்த பற்று அந்தச் சமத்துவத்திலிருந்து தொடங்கியதென்றே எண்ணுகிறேன்.

ஊன்றுகோல்காரனின் அளவுகோல்

பழைய கார்களை நேசிப்போர் எஞ்சின் பற்றியும் நிக்கல் பூச்சுப் பற்றியும் பேசுவர். என் போன்றோர் முதலில் பார்ப்பது கதவை.

1930களின் பல கார்களில் முன்கதவு பின்பக்கக் கீலில் தொங்கும். இன்றைய கதவுக்கு நேர்மாறாகத் திறக்கும். ஓடும்போது தாழ்ப்பாள் விடுபட்டால் காற்றே கதவை அகலத் திறந்துவிடும் என்பதால் பின்னாளில் அது கைவிடப்பட்டது. ஆனால் காலை மடக்க முடியாதவனுக்கு அதைப் போல வசதியான கதவு வேறில்லை. காருக்கு முதுகைக் காட்டி நின்று, அப்படியே பின்னால் அமர்ந்து, பிறகு கால்களை உள்ளே எடுத்துக்கொள்ளலாம். அக்காலக் கார்களின் பக்கவாட்டில் ஓடும் பாதப்பலகை அரைப்படியாக உதவும். கூரை உயரமாதலால் தலை இடிக்காது.

போருக்குப் பிந்திய கார்களில் கதை வேறு. 1948இல் வெளிவந்த மொறிஸ் மைனர், அலெக் இஸ்ஸிகோனிஸ் வடிவமைத்த அற்புதம். பதினாறு இலட்சம் அளவில் விற்பனையானது. பத்து இலட்சத்தைத் தாண்டிய முதல் பிரித்தானியக் காரும் அதுதான். இலங்கையில் அது ஓடாத தெரு இல்லை. ஆனால் இருக்கை தாழ்வு. உள்ளே விழுவது எளிது, எழுவதுதான் பெரும்பாடு. இரண்டு கதவு மைனரின் பின் ஆசனம் என் போன்றோருக்கு எட்டாக்கனி. ஏ 40 சொமர்செற்றிலோ கியர்த் தண்டு ஸ்டியரிங் தண்டிலேயே பொருந்தியிருந்தது. தரையில் எதுவும் துருத்தி நிற்காது. இரும்புச் சட்டம் மாட்டிய காலை நீட்டி வைக்க இடம் இருக்கும். வடிவமைத்தவர் எம்மை மனதில் வைத்து அதைச் செய்யவில்லை. தற்செயலாக அமைந்த கருணை அது.

கையால் ஓட்டியவர்கள்

தற்செயலாக அன்றி, வேண்டுமென்றே உடற்குறை உடையவருக்காக மாற்றப்பட்ட கார்களும் உண்டு. அமெரிக்க ஜனாதிபதி பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் 1921இல், முப்பத்தொன்பதாம் வயதில், போலியோவெனக் கண்டறியப்பட்ட நோயால் கால்களின் வலுவை இழந்தார். சக்கர நாற்காலியில் இருக்கும் தம்மைப் பத்திரிகையாளர் படம் எடுப்பதை அவர் விரும்பவில்லை. ஆனால் திறந்த காரில் வந்து, இருக்கையில் இருந்தபடியே மக்களிடம் பேசுவதில் அவருக்குத் தயக்கமே இருக்கவில்லை. கையால் மட்டுமே இயக்கக்கூடியதாக மாற்றப்பட்ட அவரது 1936ஆம் ஆண்டு போர்ட் கார், நியூயோர்க் மாநிலத்தின் ஹைட் பார்க்கில் உள்ள அவரது நினைவு நூலகத்தில் இன்றும் காட்சிக்கு உள்ளது. 1942 ஜூனில் அங்கு சென்ற பிரித்தானியப் பிரதமர் சேர்ச்சிலை அப்படியொரு காரில் ஏற்றி, ஹட்சன் ஆற்றின் செங்குத்தான கரையோரமாக ரூஸ்வெல்ட் ஓட்டிச் சென்றார். விருந்தினர் அஞ்சுவதைக் கண்டு, தமது புயத்தைத் தொட்டுப் பார்க்குமாறு சொன்னாராம். சேர்ச்சில் தமது போர் நினைவுகளில் இதனைப் பதிந்துள்ளார். உலகப் போர் நடந்துகொண்டிருந்த வேளையில், ஒரு வல்லரசின் தலைவர் இன்னொரு தலைவரிடம் தம் கைவலியைக் காட்டிக் களிக்கிறார். அந்தக் களிப்பை என்னால் முழுமையாகப் புரிந்துகொள்ள முடிகிறது.

பிரித்தானியாவில் நடந்தது இன்னும் கவனத்துக்குரியது. பேர்ட் கிறீவ்ஸ் என்னும் பொறியியலாளர், உடல் செயலிழந்த தமது உறவினர் டெறி பிறெஸ்ரன் கொப் என்பவருக்காக எஞ்சின் பூட்டிய மூன்று சில்லு வண்டியொன்றைச் செய்தார். அதிலிருந்து 1940களின் பிற்பகுதியில் ‘இன்வாகார்’ நிறுவனம் பிறந்தது. போரில் கால் இழந்தோருக்கும் பின்னர் ஏனையோருக்கும் அரசே இத்தகைய வண்டிகளை வழங்கியது. வெளிர்நீல நிறம். ஒரே ஓர் இருக்கை. கூட ஒருவரை ஏற்ற அனுமதி இல்லை. உடற்குறை உடைய தாய் தன் பிள்ளையை அதில் ஏற்றிச் செல்ல முடியாது. விரைவிலேயே எதிர்ப்பு எழுந்தது. 1977இல் தோன்றிய ‘மோட்டபிலிற்றி’ திட்டத்தின் வழியே, மற்றவர்கள் ஓட்டும் அதே கார்களை வேண்டிய மாற்றங்களுடன் பெறும் வாய்ப்பு உருவானது. 2003 மார்ச் இறுதியுடன் அந்த நீல வண்டிகள் அரச சேவையிலிருந்தும் வீதியிலிருந்தும் அகற்றப்பட்டன. தப்பிய சில இன்று பழைய கார்க் கண்காட்சிகளில் நிறுத்தப்படுகின்றன. வெட்கத்தோடு ஓட்டப்பட்ட வண்டி, இப்போது படம் எடுத்துக்கொள்ளும் பொருளாகிவிட்டது.

பந்தயத்திலும் எம்மவர் உண்டு. ஸ்கொட்லாந்தில் 1927இல் பிறந்த ஆர்ச்சி ஸ்கொட் பிறவுண், பிறவியிலேயே வலது கை இல்லாதவர். கால்களும் வளைந்தவை. அவர் இடது கையால் ஸ்டியரிங்கைப் பிடித்து, லிஸ்ரர் பந்தயக் கார்களில் தம் காலத்தின் தலைசிறந்தோரை வென்றார். 1954இல் அவரது உடலைக் காரணம் காட்டிப் பந்தய அனுமதியைப் பறித்தனர். போராடி மீட்டார். எந்தப் பந்தயத்திலிருந்து அவரை விலக்கினார்களோ, அதே ‘பிரிட்டிஷ் எம்பயர் ட்ரோபி’யை 1955இல் வென்றார். மறு ஆண்டு இத்தாலியின் மொன்சாவிலும் அவருக்கு அனுமதி மறுக்கப்பட்டது. 1958 மேயில் பெல்ஜியத்தின் ஸ்பா ஓடுபாதையில் நேர்ந்த விபத்தில் காலமானார். அவருக்குக் கார் ஒருபோதும் தடையாக இருக்கவில்லை. தடை நுழைவாயிலில் இருந்தது.

எமது நாட்டில் அவை எஞ்சியது எவ்வாறு

இலங்கையில் பழைய பிரித்தானியக் கார்கள் இத்தனை தப்பியதற்குக் காரணம் அவற்றின் மீதான காதல் மட்டுமன்று. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும் வரை இருந்த காரைத்தான் ஓட்ட வேண்டும். உதிரிப்பாகம் கிடைக்காதபோது கராஜ்காரர் அதைத் தாமே செய்தார். தகரம் உக்கினால் ஒட்டினார், எஞ்சின் தேய்ந்தால் கடைந்தார். பற்றாக்குறை வளர்த்த கைத்திறன் அது.

போர் அக்கைத்திறனுக்கு இன்னொரு சோதனை வைத்தது. 1990இன் பின் யாழ்ப்பாணக் குடாநாட்டின் மீது பொருளாதாரத் தடை விழுந்தது. பெற்றோல் கிடையாது. அழுத்த விகிதம் குறைந்த பழைய ஒஸ்ரின், மொறிஸ் எஞ்சின்களைச் சில துளி பெற்றோலில் உயிர்ப்பித்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டினார்கள். பிரித்தானிய உழவு இயந்திரங்கள் சில முன்னர் பெற்றோலில் தொடங்கி வேறெண்ணெயில் ஓடிய முறையும் இதுதான். புகை கக்கிக்கொண்டு ஓடிய அந்த ஏ 40களும் கேம்பிரிட்ஜ்களும் காயம்பட்டோரையும் மருத்துவமனைக்குச் சுமந்தன. வடக்கிலும் கிழக்கிலும் போரும் கண்ணிவெடியும் கால் பறித்த மனிதர் எத்தனையோ பேர். அவர்களில் சிலர் உயிர் பிழைத்தது ஒரு பழைய காரின் பின் ஆசனத்தில்தான். எனவே பழைய கார் என்பது எமக்குச் செல்வரின் பொழுதுபோக்குப் பொருள் மட்டுமன்று.

மூன்று படிகள்

சில ஆண்டுகளுக்கு முன் தெற்கில் நடந்த ஒரு பழைய கார்க் கண்காட்சிக்குப் போயிருந்தேன். ஏற்பாட்டாளர் பெயர் இங்கு வேண்டாம். அவர்கள் தீயவர்களும் அல்லர். வாசலிலேயே இளைஞர் இருவர் ஓடி வந்து, என் சக்கர நாற்காலியை மிகுந்த மரியாதையோடு தள்ளிச் சென்று, பந்தலின் நிழலில் விட்டு, தேநீரும் கொடுத்தார்கள். கார்கள் ஐம்பது யார் தொலைவில், புல்தரையில் நின்றன. நான் தேநீர் குடிக்கப் போகவில்லை. கார் பார்க்கப் போனேன்.

ஒருவாறு புல்லில் சில்லை உருட்டிக் கிட்டப் போனதும் இரண்டு செய்திகள் கண்ணில் பட்டன. முதலாவது, இலக்கத் தகடு. நிற்பவர்கள் காரின் கூரையையும் கண்ணாடியையும் பார்ப்பார்கள். இருப்பவனுக்குத் தகடுதான் கண்மட்டம். வரிசையாகப் பார்த்துக்கொண்டு போனால் நாட்டின் வரலாறே தெரியும். ஆங்கில எழுத்துப் பொறித்த பழைய தகடுகள். அவற்றை அடுத்து, 1957 முதல் வந்த சிங்கள ‘ஸ்ரீ’ தகடுகள். அந்த ஓர் எழுத்துக்கு எதிராகத் தமிழ்ப் பகுதிகளில் தார் பூசும் போராட்டம் நடந்தது. 1958இல் மட்டக்களப்பில் அதில் ஈடுபட்டுத் தந்தை செல்வா சிறை சென்றார். அவ்வாண்டு மே மாதம் நாடு கலவரத்தில் எரிந்தது. பளபளக்கும் கார்களைப் படம் எடுத்துக்கொண்டிருந்தோரில் எத்தனை பேர் அந்தத் தகட்டைக் குனிந்து பார்த்திருப்பர்? குனியத் தேவையில்லாத எனக்கு அது தப்பவில்லை.

இரண்டாவது, மேடை. மிகப் பழைய கார்கள் சில மேடையில் நிறுத்தப்பட்டிருந்தன. அவற்றை ஏற்றுவதற்குப் பின்புறம் அழகான சரிவுப் பலகை அமைத்திருந்தார்கள். மனிதர் ஏறும் முன்புறத்தில் மூன்று படிகள். கார் படியேறாது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. மனிதரிலும் படியேறாதவர் உண்டு என்பது நினைவுக்கு வரவில்லை. பின்புறத்துச் சரிவால் என்னை ஏற்றிவிடுமாறு கேட்டேன். ‘அது கார்களுக்கு’ என்றார் பொறுப்பாளர். சிரிப்பதா கோபிப்பதா என்று தெரியாமல் திரும்பினேன்.

அன்று என்னை மீட்டவர் முன்பின் அறியாத ஒரு கார்ச் சொந்தக்காரர். புல்தரையில் நின்ற அவரது சொமர்செற் அருகே நான் நெடுநேரம் நிற்பதைக் கண்டு, கயிற்றைக் கழற்றி, கதவைத் திறந்தார். என்னைத் தூக்க முனையவில்லை. ‘ஐயா எப்படி ஏறுவீர்களோ சொல்லுங்கள், நான் அதன்படி பிடிக்கிறேன்’ என்றார். ஊன்றுகோலை அவரிடம் கொடுத்துவிட்டு நானே ஏறினேன். அறுபது ஆண்டுகளுக்குப் பின் அந்த முன் ஆசனம். பழைய தோலும் எண்ணெயும் கலந்த அதே மணம். அவரும் மறுபக்கம் ஏறி அமர்ந்தார். இருவரும் கார்புறேட்டரைப் பற்றி அரை மணி நேரம் பேசினோம். என் காலைப் பற்றி அவர் ஒரு சொல்லும் கேட்கவில்லை.

சட்டம் சொல்வது

இது கருணை சார்ந்த விடயம் அன்று என்பதை இலங்கையில் நிலைநாட்டியவர்களுள் முதன்மையானவர் அஜித் சி. எஸ். பெரேரா. இரசாயனவியலாளர், கிரிக்கெட் நடுவர். 1992 நவம்பரில், அவர் ஓட்டிச் சென்ற கார் மீது வீதியோர மரம் ஒன்று விழுந்ததில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். அதன்பின் சக்கர நாற்காலியிலிருந்தே எழுதினார், வழக்காடினார். உடற்குறை உடையோரின் உரிமைச் சட்டம் 1996இல் வந்தது. கட்டடங்களில் நுழைவு வசதிக்கான ஒழுங்குவிதிகள் 2006இல் வந்தன. அவை ஏட்டில் கிடந்தன. அவர் தொடுத்த வழக்கில் 2011 ஏப்ரலில் உயர் நீதிமன்றம், புதிய பொதுக் கட்டடங்கள் அவ்விதிகளைக் கைக்கொள்ள வேண்டும் எனப் பணித்தது.

சரிவுப் பாதைக்கு உலகெங்கும் வழங்கும் அளவு மிக எளியது. ஓரடி உயர்வுக்குப் பன்னிரண்டு அடி நீளம். தச்சர் ஒருவர் அரை நாளில் செய்துவிடுவார். தமிழகத்தில் ‘ஊனமுற்றோர்’ போய் ‘மாற்றுத்திறனாளி’ வந்தது. எமது பக்கத்தில் ‘மாற்றுவலுவுள்ளோர்’ என்கிறோம். சொற்கள் நன்றாகவே மாறியிருக்கின்றன. படிகள்தான் அப்படியே இருக்கின்றன.

இன்னொரு வழியும் உண்டு. லண்டனிலிருந்து பிறைற்றனுக்கு ஆண்டுதோறும் நவம்பர் மாத முதல் ஞாயிறன்று பழங்காலக் கார்கள் ஓடுகின்றன. 1905க்கு முன் செய்யப்பட்டவை மட்டுமே பங்குபற்றலாம். அதுவரை மோட்டார் வண்டியை நடைவேகத்துக்குக் கட்டிப்போட்டிருந்த சட்டம் 1896இல் தளர்த்தப்பட்டதைக் கொண்டாடி, அவ்வாண்டு நவம்பர் 14ஆம் திகதி நிகழ்ந்த ஓட்டத்தின் நினைவு அது. 1927 முதல் மீண்டும் நடத்தப்பட்டு வருகின்றது. தென் லண்டனில் வாழும் உறவினர் வீட்டில் தங்கியிருந்தபோது, நடைபாதையில் சக்கர நாற்காலியை நிறுத்தி, கம்பளியைப் போர்த்திக்கொண்டு அதைப் பார்த்தேன். நுழைவுச்சீட்டு இல்லை, புல்தரை இல்லை, படி இல்லை. நான் கார்களைத் தேடிப் போக வேண்டியிருக்கவில்லை. அவை என் முன்னால் வந்தன, ஒவ்வொன்றாக, புகைந்துகொண்டும் இருமிக்கொண்டும்.

அதைப் பார்த்தபோது என் மனம் புளியந்தீவுக்குத்தான் ஓடியது. மட்டக்களப்பில் மேடு கிடையாது. தட்டையான நிலம், வாவிக்கரையோரம் வீதி, மர நிழல், நூறாண்டு கண்ட பாலம், அதற்கும் மூத்த கோட்டை. பழைய கார்கள் சிலவற்றை ஒரு ஞாயிறு காலையில் கோட்டை வாசலிலிருந்து மெல்ல ஓட்டி, நகரைச் சுற்றிக் கல்லடி வரை கொண்டுபோனால் போதும். வீதியோரத்தில் நாற்காலி போட்டு முதியவரும் பார்க்கலாம், போரில் கால் இழந்த இளைஞரும் பார்க்கலாம். சக்கர நாற்காலிக்கு நடைபாதையில் நான்கு அடி அகலமும், கடைசியில் கார்கள் நிற்குமிடத்தில் ஒரு மரப்பலகைச் சரிவும் இருந்தால் செலவு முடிந்தது.

ஊரிலும் புலம்பெயர் நாடுகளிலும் இத்தகைய விழாக்களை நடத்தும் நண்பர்களுக்கு எனது வேண்டுகோள் சிறியது. என் போன்றோர் வந்தால் பந்தலில் முன்வரிசை நாற்காலி தேட வேண்டாம். பொன்னாடையும் வேண்டாம். ஒரு கார்க் கதவைத் திறந்துவிட்டு, எப்படி ஏறுவது என்று எங்களிடமே கேளுங்கள்.